சடையனின் தலைமயிரும் அம்மாவின் கொள்ளியும்

அடிக்க ஓங்கிய கையோடுதான் எப்போதும் நினைவில் வருகிற என் அம்மாவுக்கு,

உங்களிடம் சுகம் விசாரிக்க வழியில்லை. ஆகவே என் சுகத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். சீனி வருத்தம் கூடியிருக்கிறது. வயிறு முன்னால் போக நான் பின்னால் போகிறேன். பத்திரிகையில் சனம் சிரிக்கவென்று கிழமைக்கு ஒரு பகிடிக் கட்டுரை இன்னும் எழுதுகிறேன். அதை ஒரு சொல் விடாமல் வாசிக்கிற மனிதர் ஸ்கந்தபுரத்தில் ஒருவர்தான் இருக்கிறார்: உங்கள் தம்பி, எங்கள் பெரியமாமா. பிழை பிடிப்பதற்காக வாசிக்கிறார். இந்தக் கிழமை அந்த இடத்தில் பகிடிக்குப் பதிலாக இந்தக் கடிதம் வருகிறது. நீங்கள் முதலில் வாசியுங்கள், பிறகு அவரிடம் கொடுங்கள்.

உங்கள் கடைக்குட்டி சுதன் மலேசியாவில் இருக்கிறான். நேற்றும் தொலைபேசி எடுத்தான்.

"அண்ணா, ஒரு மனுசி மேடைக்குக் கிட்ட வந்து துப்பினவா. குறி தப்பேல்லை."

"எங்க பட்டது?"

"நெத்தியில. நல்ல பயிற்சி எடுத்த மனுசி."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. மழை நாளில் விலா எலும்பு இன்னும் இழுக்கிறதாம். அந்த விலா எப்படி உடைந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் போய்ப் பன்னிரண்டாம் நாள்தான் அது உடைந்தது. உடைத்தது ஊர். உடைக்கச் சொன்னது நான்.

முதலிலிருந்து சொன்னால்தான் பத்திரிகையை வாங்கிப் பார்க்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். உங்களுக்குத் தெரிந்த இடம் வரும்போது கொஞ்சம் கண்ணயருங்கள்.

சுதன் பள்ளிக்கூடத்தில் படித்ததாக ஆதாரம் எதுவுமில்லை. மல்யுத்தத்தில் மாவட்டப் பதக்கம் வாங்கியதற்கு மட்டும் ஆதாரம் இருந்தது. அதையும் நீங்கள் அரிசிப் பானையின் மூடியில் பிடியாகக் கட்டிவிட்டீர்கள். வயலில் இரண்டு நெல் மூட்டையை ஒரே தடவையில் தூக்குவான். அப்படித் தூக்கிக்கொண்டு நின்றவனைத்தான் கொழும்பிலிருந்து வந்த ஒரு ரெஸ்லிங் கொம்பனிக்காரர் கண்டார். வன்னிப் புழுதியிலும் வெள்ளைச் சப்பாத்துப் போடுகிற மனிதர். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே வெள்ளைச் சப்பாத்து. சுதனைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்தார்.

"முகம் நல்ல கெட்டவன் முகம். தலைமயிரை வளக்கச் சொல்லுங்கோ."

என்னையும் பார்த்தார். என் உடம்பில் அவருக்கு உதவக்கூடியது தொண்டை மட்டும்தான். விளையாட்டுப் போட்டிகளில் மைக் பிடித்துப் பழகிய தொண்டை. இப்படியாகத் தம்பி 'முரட்டுச் சடையன்' ஆனான், நான் சடையனைச் சனத்துக்கு அறிவிக்கிறவன் ஆனேன்.

இந்த வகை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பதைப் பின்னேரத் தேத்தண்ணியோடு பேசி முடித்துவிடுவார்கள். ஒருவர் நல்லவர், ஒருவர் கெட்டவர். கெட்டவர் மண்ணைக் கண்ணில் எறிவார், நல்லவர் கடைசியில் எழும்பி அவரை நொறுக்குவார். முடிவு பொய். ஆனால் விழுகிற இடம் பலகை, அம்மா. பலகைக்கு மேலே ஒரு மெல்லிய மெத்தை, அதற்கு மேலே சீலை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வைக்கோலைப் பரப்பிப் பழகிய முதல் மாதத்திலேயே சுதனுக்குச் சின்னவிரல் பின்பக்கம் மடிந்தது, கடைவாய்ப் பல் ஒன்று வயிற்றுக்குள் போனது. நீங்கள் விரலை இழுத்து நேராக்கிவிட்டு, பல்லைத் தேட வேண்டாம் என்று சொன்னீர்கள்.

அவனை நொறுக்குகிற நல்லவனுக்கு மேடைப் பெயர் மின்னல் மாறன். வவுனியாப் பக்கம் தோட்டம் செய்கிற மலையகக் குடும்பம். பகலில் பள்ளிக்கூட வான் ஓடுகிற சாதுவான பிள்ளை. கழுத்தை முறிக்கிற பிடி போட்டபடியே காதுக்குள் "வலிக்குதாப்பா?" என்று கேட்பான். சுதன் "இன்னும் கொஞ்சம் இறுக்கு, சனம் பாக்குது" என்பான்.

முதல் ஆட்டம் புதுக்குடியிருப்பில். நீங்கள் எங்களுக்குச் சொல்லாமல் பஸ் ஏறி வந்து, கடைசி வரிசையில், குடையோடு உட்கார்ந்திருந்தீர்கள். மாறன் சுதனின் முதுகில் ஏறி இருந்து நாடியைப் பிடித்துத் தலையைப் பின்னுக்கு இழுத்தபோது மைக்கில் நான் "சடையனின் முள்ளந்தண்டு முறிகிறது!" என்று கத்தினேன். தொழில், அம்மா. கத்தத்தான் வேண்டும். அடுத்ததாக நான் கண்டது, கயிற்றுக்குக் கீழால் ஒரு சேலை உள்ளே போனதை.

"விடடா என்ர பிள்ளையை! உனக்குத் தாய் இல்லையோடா?"

குடைக்காம்பு மாறனின் மண்டையில் இறங்கிய சத்தம் மைக் இல்லாமலே பின்வரிசைவரை கேட்டது. மூன்று அடி. மூன்று தையல். இரத்தம் கண்ணுக்குள் வடிய அவன் மேடையைச் சுற்றி ஓட, நீங்கள் துரத்த, தோற்க வேண்டிய சுதன் நடுவில் நின்று "அம்மா, அவர் நல்லவர் அம்மா!" என்று கெஞ்ச, சனம் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை என் கட்டுரைகள் ஒன்றும் இதுவரை வாங்கித் தரவில்லை.

அடுத்த ஞாயிறு மாறன் தலையில் கட்டோடு வீட்டுக்கு வந்தான். நீங்கள் கோழி அடித்தீர்கள். பரிமாறும்போதுதான் சுதன் விசயத்தைச் சொன்னான்.

"அம்மா, அது எல்லாம் முதலே பேசி வைச்ச அடி."

"பேசி வைச்சதோ? அப்ப நான் மட்டும்தான் உண்மையா அடிச்சனானோ?"

"ஓம், அம்மா."

நீங்கள் அகப்பையைத் திரும்பக் குழம்புக்குள் விட்டீர்கள். "சரி. இன்னொரு தொடைத் துண்டு போடட்டே, தம்பி?" என்று மாறனைக் கேட்டீர்கள். அதுதான் மன்னிப்பு. பிறகு சுதனின் பக்கம் திரும்பினீர்கள்.

"ஏனடா எப்பவும் நீயே தோக்கிறாய்?"

"தோக்கிறவனைத்தான் அம்மா திருப்பிக் கூப்பிடுவினம். நான் அடி வாங்கிறதைப் பாக்கத்தான் சனம் காசு குடுத்து வருது."

"அதை நான் வீட்டில சும்மா செய்தனானே."

இரண்டு வருடத்தில் சுதனை வன்னி முழுக்க வெறுத்தது. கிளிநொச்சிச் சந்தையில் தக்காளி விற்கிறவர் அவனுக்கு நிறுக்கமாட்டேன் என்றார். கொக்கிளாயில் ஒரு மீன் தலை அவனுடைய கன்னத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. சைக்கிளை எங்கே விட்டாலும் காற்று போயிருக்கும். அவனுக்கு அது பெரிய சந்தோசம். "தொழில் பிடிபட்டிட்டுது அண்ணா" என்பான். தலைமயிர் இடுப்பைத் தொட வளர்ந்தது. சனிக்கிழமைகளில் அதற்கு நீங்கள் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்தீர்கள். ஊர் நடுங்குகிற முரட்டுச் சடையன் உங்கள் முழங்காலுக்கிடையில் குந்தியிருந்து "கண்ணுக்குள்ள விடாதேங்கோ" என்று சிணுங்குவான்.

இனித்தான் என் பங்கு வருகிறது. கிளிநொச்சியில் ஒரு பெரிய ஆட்டம் வைக்க வேண்டும் என்று வெள்ளைச் சப்பாத்து யோசனை கேட்டார். நான் சொன்னேன்: தோற்றவரின் தலையை மேடையிலேயே வழிக்கிறது. அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிவரை மதில்களில் சுவரொட்டியாக அந்தச் சடை தொங்கியது. ஆட்டம் சரியாகப் போனால் அவர் சுதனை மலேசியாவுக்கு அனுப்புவார். அங்கே அடியில் சுருள்கம்பி போட்ட மேடை, பக்கத்தில் டொக்டர், மாதச் சம்பளம். "அண்ணா, பலகையில விழுந்து இன்னும் அஞ்சு வருசம் தாங்கமாட்டன். அந்த மேடை எனக்கு வேணும்" என்றான். வாழ்க்கையில் அவன் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு நான் கண்டது அதுதான் முதல்தரம்.

ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்க, காலையில் கோழிக்கு அரிசி எறிந்துகொண்டு நின்ற நீங்கள் விழுந்தீர்கள். கையில் மிச்சம் இருந்த அரிசியை விடவேயில்லை.

எங்கள் பக்கத்தில் தகப்பனுக்கு மூத்த பிள்ளையும் தாய்க்கு இளைய பிள்ளையும் கொள்ளி வைப்பது. வைக்கிறவன் மொட்டை அடிப்பான். இந்தக் காலத்தில் பலர் மீசையோடு நிறுத்திவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் நிறுத்த முடியாது, ஏனென்றால் அப்பா. யுத்தத்தின் அந்தக் கடைசி மாதங்களில், கடற்கரை மணலில், செல் விழுந்துகொண்டிருக்க, பெரியமாமா ஒரு சாப்பாட்டுத் தட்டால் கிடங்கு வெட்டித்தான் அப்பாவைப் புதைத்தார். ஐயர் இல்லை, நெருப்பு இல்லை, மூத்தவன் நான் பக்கத்திலேயே இல்லை. அதனால்தான் நீங்கள் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லி வைத்தீர்கள்: "அவருக்குத்தான் ஒண்டும் நடக்கேல்லை. எனக்கு ஒண்டும் குறையக்கூடாது. என்ர கடைக்குட்டி மொட்டை அடிச்சு, குடம் தூக்கி, கொள்ளி வைக்கோணும்."

இதை ஊர் முழுக்க அறியும். நானும் அறிவேன்.

கிணற்றடியில் சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சுதன் தானாகவே போய்க் கல்லில் குந்திவிட்டான். தலையில் ஒரு வாளி தண்ணீரும் ஊற்றியாயிற்று. அவ்வளவு மயிரும் நனைந்து முகத்தை மூடிக்கொண்டு கிடந்தது. நான் போய் அவனுடைய கையைப் பிடித்து இழுத்தேன்.

"எழும்படா."

"ஏன்?"

"பன்னிரண்டு நாள்தானே. பேந்து மேடையில எப்படியும் வழிக்கத்தானே போறாங்கள். இப்ப வழிச்சால் ஆட்டமும் இல்லை, மலேசியாவும் இல்லை."

"அண்ணா, அம்மா சொன்னவா."

"அம்மா பாக்கமாட்டா. வெள்ளைச் சப்பாத்து பாப்பார்."

இப்படித்தான் சொன்னேன், அம்மா. நீங்கள் இருபது மீற்றர் தூரத்தில், விறாந்தையில், வாயில் வெற்றிலையோடு கிடக்கிறீர்கள். சொன்னது நான்.

அவன் திரும்பவும் "எனக்கு மனம் வரேல்லை" என்றான். நான் குரலை உயர்த்தினேன். அப்பா போன நாளிலிருந்து என் குரல் உயர்ந்தால் அவன் வாய் திறக்கமாட்டான். ஈரத் தலையோடு எழும்பினான். சலூன்காரர் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கல்லில் குந்தினேன். என் தலையைப் பார்த்து அவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. காதோரத்தில் இருந்ததை வழித்துவிட்டுக் கத்தியை மடித்தார். வந்தவர்களுக்கு நான் ஒரு கதை கட்டினேன்: சுதனுக்குத் தோள் மூட்டு விலகியிருக்கிறது, குடம் தூக்க ஏலாது, அதனால் மூத்தவன் செய்கிறேன். ஒரு துவாயால் அவனுடைய கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவும் விட்டேன்.

நான்தான் கெட்டிக்காரன் ஆயிற்றே. வீட்டில் இடது கையில் கட்டியதை, வியர்வைக்கு அவிழ்த்து, சுடலையில் வலது கையில் கட்டிவிட்டேன்.

பெரியமாமா துவாயைப் பார்த்தார். சுதனின் தலைமயிரைப் பார்த்தார். பிறகு அறைந்தார். சுதன் சுருண்டு விறகுக் குவியலோடு போய் மோதினான். "அத்தானுக்குத்தான் ஒரு பிடி நெருப்பு இல்லை. அக்காவுக்கும் இல்லையோடா நாயே? மயிருக்காகவோடா?" என்று உதைத்தார். பிடிக்கப் போன நான் மேளக்காரரின் மேளத்துக்குள் முழங்கையை விட்டுவிட்டு, அதை எடுக்கத் தெரியாமல் நின்றேன். நாலு பேர் மாமாவை இழுத்தார்கள். ஐந்தாவது ஆள் சந்தர்ப்பத்தைப் பார்த்துச் சுதனுக்கு ஒன்று போட்டார். கெட்டவனை அடிக்கப் பல நாளாகக் காத்திருந்தவராக இருக்கும். உதடு கிழிந்து சட்டை எல்லாம் இரத்தம். சுதன் ஒரு சொல் சொல்லவில்லை. "அண்ணா சொன்னவர்" என்ற இரண்டு சொல் போதும். சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை. மேளத்திலிருந்து கையை எடுத்து, அதே கையால் உங்களுக்குக் கொள்ளி வைத்தேன்.

இவ்வளவு செய்தவன் அதோடு வாயை மூடியிருக்கலாம். எட்டாம் நாள் படையல், எட்டுச் செலவு, முடிந்த மறுநாள், தேத்தண்ணிக் கடையில், துவாய் கை மாறிய கதையை வெள்ளைச் சப்பாத்துக்கு நடித்தே காட்டினேன். அவர் சிரித்தார். எனக்கு ஒருவர் சிரித்தால் போதும், வீட்டுக் கூரையையும் கழற்றிக் கொடுப்பேன்.

பன்னிரண்டாம் நாள் பின்னேரம் ஆட்டம் தொடங்கியது. கிளிநொச்சி மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. சாவுத் துடக்கு இன்னும் கழியாத வீட்டுக்காரர் நாங்கள் இருவரும் மேடையில் நிற்கிறோம். வழமையாகச் சடையன் வந்தால் போத்தல்தான் முதலில் வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. சனம் எழும்பி நின்றது. முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார்கள். அவ்வளவு சனத்துக்கும் உங்கள் சாவு தெரிந்திருந்தது, அம்மா. துவாய்க் கதை ஸ்கந்தபுரம் தாண்டவில்லை. தாய் செத்த செய்தி மட்டும் வன்னி முழுக்கப் போயிருந்தது.

மாறன் முதல் குத்து விட்டான். "டேய், தாய் செத்த பிள்ளையடா! அடியாதை!" என்று ஒரு கிழவர் கத்தினார். இரண்டாவது குத்துக்கு மாறனின் முதுகில் செருப்பு விழுந்தது. பாவம், ஊரே கொண்டாடின பிள்ளை, திரும்பித் திரும்பிப் பார்த்தான். சுதன் மண் அள்ளி மாறனின் கண்ணில் எறிந்தான். சனம் கை தட்டியது! காதைக் கடித்தான். "கடி ராசா, கடி" என்றார்கள். மாறன் வேறு வழியில்லாமல் அவனுடைய கழுத்தைக் கைக்குள் இறுக்கிக் கயிற்றோடு சாய்த்தான். அப்போதுதான் கொக்கிளாயில் இருக்கிற உங்கள் ஒன்றுவிட்ட தங்கச்சி, எங்கள் சின்னம்மா, மேடை ஓரத்தில் ஏறிச் சுதனின் காலைப் பிடித்துக்கொண்டு குந்தினா. செத்தவீட்டுக்கு வராதவர்கள் முதல் கண்ட இடத்தில் துக்கம் விசாரிக்க வேண்டுமல்லவா?

"தம்பி, அம்மாவுக்கு என்னடா நடந்தது? எனக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லையே!"

கழுத்து நெரிபட்டபடியே சுதன், "பிரசர்... சின்னம்மா... திடீரெண்டு..." என்றான். அவன் பதில் சொல்ல வசதியாக மாறன் பிடியைத் தளர்த்தினான்.

"சாப்பிட்டவாவோ அண்டைக்கு?"

"காலம்பிற... ஒரு புட்டு..."

"ஐயோ என்ர அக்கா!"

அவ்வளவுதான். பின்வரிசைவரை ஒப்பாரி போனது. இருபது வருடம் மைக் பிடித்த நான் முதல்தரம் அதைக் கீழே இறக்கினேன்.

வெள்ளைச் சப்பாத்து என் சட்டைக் கொலரைப் பிடித்தார்.

"சனம் வெறுக்காட்டி இவன் எனக்கு எதுக்கு? மலேசியாவுக்கு நான் வேற ஆளைப் பாக்கிறன்."

"நான் என்ன செய்யிறது?"

"கொள்ளி வைக்காத கதையைச் சொல்லு. மைக்கில சொல்லு."

நான் மேடையைப் பார்த்தேன். சுதன் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சப்பாத்தின் உதடு அசைந்ததிலேயே அவனுக்கு விளங்கியிருக்கும். முகத்தில் வியர்வையும் சடையும் ஒட்டியிருந்தன. மாறனின் கைக்குள்ளிருந்து தலையை எடுத்து, "சொல்லு, அண்ணா" என்றான்.

சொன்னேன். என் நல்ல குரலில் சொன்னேன். "அழாதேங்கோ, சனங்களே! இந்தச் சடையன் பெற்ற தாய்க்குக் கொள்ளி வைக்கேல்லை! மொட்டை அடிக்கக் கேட்டதுக்கு, தோள் விலகினது எண்டு பொய் சொல்லித் தலைமயிரைக் காப்பாத்தினவன்!" சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று யாரும் வாதாடலாம். பொய்யைச் சொன்ன ஆளை மட்டும்தான் மாற்றிவிட்டேன்.

ஒப்பாரி அறுந்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் கதிரை பறந்து வந்தது. அதன் பிறகு நான் எண்ணவில்லை. போத்தல், கல், செருப்பு, குடை. ஒரு போத்தல் சுதனின் புருவத்தைத் திறந்தது. மேடையின் நாலு பக்கத்தாலும் ஏறினார்கள். ஒருவர் கதிரைக் காலால் விலாவில் இறக்கினார், எலும்பு முறிந்த சத்தம் என் கையிலிருந்த மைக்குக்குள் போய் ஒலிபெருக்கியால் வெளியே வந்தது. சின்னம்மா, அதே சின்னம்மா, பிடித்திருந்த காலைக் கடித்தா. ஐம்பது பேருக்குக் கீழே அவனைக் காணவில்லை. ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை யாரையும் அடிக்கவில்லை. மாறன் "வேணாங்க, வேணாங்க, செத்துருவாருங்க!" என்று கத்திக்கொண்டு அவன் மேல் குப்புற விழுந்து, மிச்ச அடியைத் தன் முதுகில் வாங்கினான். கெட்டவனுக்கு மேலே நல்லவன் படுத்துக்கிடந்து அடி வாங்குவதை நான் அறிவிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியமாமா ஏறினபோதுதான் சனம் விலகியது. அவரும் அங்கே வந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. மாறனை இழுத்து ஒரு பக்கம் போட்டார். மேடையில் கிடந்த மயிர் வழிக்கிற மெஷினை எடுத்தார். சடையைக் கையில் சுற்றி இழுத்து, நெற்றியிலிருந்து பிடரிவரை நடுவால் ஒரு ஓட்டம் ஓட்டினார். தோலும் சேர்ந்து வந்தது. முழங்காலில் இருந்த சுதன், இரண்டு நெல் மூட்டையை ஒன்றாகத் தூக்குகிறவன், இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, மிச்சத்தையும் எடுங்கோ" என்றான்.

பெரியமாமா மெஷினை மேடையில் போட்டுவிட்டு இறங்கிப் போனார். மிச்சத்தை எடுத்தது மாறன்தான். அழுது அழுது எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் விலா இரண்டு, புருவத்தில் ஏழு தையல், ஒரு காது பாதி கேளாது என்றார்கள். வெள்ளைச் சப்பாத்து பழத்தோடு வந்து கட்டிலில் வைத்தே கையெழுத்து வாங்கினார். "இப்படி ஒரு வெறுப்பை நான் என்ர வாழ்க்கையில காணேல்லை" என்றார். மலேசியாவிலும் அதே கதையைச் சொல்லித்தான் சுதனை மேடைக்கு விடுகிறார்கள்: தாய்க்குத் தீ மூட்டாத மகன். அங்குள்ள எங்கள் சனமும் நன்றாகவே துப்புகிறது. சுருள்கம்பி மேடை, பக்கத்தில் டொக்டர், எல்லாம் கிடைத்துவிட்டது. சடையைத் திரும்ப வளர்க்கச் சொன்னார்களாம். இல்லை என்றுவிட்டான். கிழமைக்கு ஒருதரம் தானே வழிக்கிறான்.

இங்கே என்ன நடந்தது தெரியுமா? முப்பத்தோராம் நாளுக்கு உங்களுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடித்தோம். உங்கள் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, எல்லாம் நல்ல கடதாசியில். பெரியமாமா அச்சகத்தில் நின்று பிள்ளைகள் என்ற இடத்தில் ஒரு பெயரை எடுத்துவிட்டார். உங்களுக்கு ஒரே பிள்ளை என்று அச்சாகியிருக்கிறது. அந்த ஒரு பிள்ளை நான். அதை வீடு வீடாகக் கொடுத்ததும் நான். கொடுக்கும்போது பலர் என் முதுகில் தட்டி, "நீயாவது இருந்தாய், தம்பி" என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பணிவு என்று நினைத்திருப்பார்கள்.

வருகிற மாதம் உங்கள் முதலாம் வருட ஆட்டைத் திவசம். சுதன் லீவு கேட்டுக் கிடைத்துவிட்டது. பெரியமாமாவுக்கு ஆள்விட்டுக் கேட்டேன். "அவன் படலையைத் திறந்தால் காலை முறிப்பன்" என்று பதில் வந்தது. இன்றைக்குத் தொலைபேசியில் சுதனிடம், நான் ஊருக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"வேண்டாம் அண்ணா. இஞ்ச அந்தக் கதைதான் எனக்குச் சோறு. அங்க உங்களுக்கு மரியாதை. ரெண்டும் கெட்டுப்போகும்."

"நீ வீட்டுக்கு வரவேண்டாமோ?"

அந்தப் பக்கத்தில் யாரோ கதவு தட்டி, ஆட்டத்துக்கு நேரமாயிற்று என்றார்கள். "அடி வாங்கிப்போட்டு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டான்.

அவன் எடுப்பதற்கிடையில்தான் இதை எழுதி முடிக்கிறேன். அவனிடம் அனுமதி கேட்கவில்லை. கிணற்றடியிலும் கேட்கவில்லை, அன்றைக்குக் கேட்காததற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டென்று நீங்களாவது ஒத்துக்கொள்வீர்களா? மலேசியாவில் யார் வன்னிப் பத்திரிகை வாசிக்கப் போகிறார்கள்? அவனுடைய சோற்றுக்கு ஒன்றும் வராது. வந்தால் என் சோற்றில் பாதியைக் கொடுப்பேன், எனக்குச் சீனியும் இறங்கும். என் மரியாதையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது எப்போதும் கடன் வாங்கிய வேட்டிதான்.

பெரியமாமா, இந்த இடம்வரை வாசித்திருப்பீர்கள். அவன் மொட்டை அடிக்கக் குந்தியவன். எழுப்பியது நான். துவாயைக் கட்டியதும் நான், கை மாற்றியதும் நான். நீங்கள் அறைந்தது பிழையான ஆளை.

அம்மா, உங்களுக்கு நான் தருகிற சொல் இதுதான். திவசத்தன்று விடிய நான் முதலில் மாமா வீட்டுக்குப் போவேன். மைக் கொண்டு போகமாட்டேன், பகிடியும் கொண்டு போகமாட்டேன். அவர் எவ்வளவு அடிக்கிறாரோ அவ்வளவையும் வாங்குவேன். அவருக்கு வயதாகிவிட்டது, ஆனாலும் கை உங்கள் கைதான். பிறகு அவரைக் கூட்டிக்கொண்டு வருவேன். ஐயருக்கு முன்னால் தர்ப்பை போட்டு, உங்கள் பெயர் சொல்லி, எள்ளும் தண்ணீரும் விடுவது சுதன். வீங்கிய முகத்தோடு வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு ஏன் என்று விளக்கம் சொல்வது நான். இந்தமுறை ஆளை மாற்றமாட்டேன்.

உங்கள் இரண்டு பிள்ளைகளில் மூத்தவன்,
பெரியதம்பி
ஸ்கந்தபுரம்